நேரத்தைக் குறித்து வையுங்கள்



திருத்தணியில், மலையடிவாரத்துத் தெரு ஒன்றில் என் அக்காவின் வீடு. ஒருநாள் மாலை அக்கா மகள் போன் செய்தாள். பேச்சு வரவில்லை, விம்மல்தான் வந்தது. "மாமா, சிஸ்டம் மறுபடியும் தானா ஆஃப் ஆகி ஆன் ஆயிடுச்சு. அடிச்ச ஃபார்ம் எல்லாம் போச்சு மாமா" என்றாள். அரசுத் தேர்வுக்கான விண்ணப்பம் அது. போட்டோவும் கையெழுத்தும் ஏற்றி, சான்றிதழ் எண்களை ஒவ்வொன்றாகப் பார்த்து அடித்து, கடைசிப் பக்கத்துக்கு வந்திருக்கிறாள். திரை இருண்டது. மறு நொடியே கணினி தானாக உயிர்பெற்று, ஒன்றுமே நடக்காதது போல முதல் பக்கத்தைக் காட்டியது.

அந்த வீட்டுக் கணினி இரண்டு மாதமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தது. முதல் தடவை ஒரு கடைக்குத் தூக்கிப் போனார்கள். வைரஸ் என்று சொல்லி ஃபார்மேட் போட்டுக் கொடுத்தார்கள். மூன்று நாள் ஒழுங்காக ஓடியது, நான்காம் நாள் பழைய கதை. அடுத்த முறை ராம் போய்விட்டது என்று புதிது போட்டார்கள். அதற்கும் அடங்கவில்லை. அக்கா வீட்டுக்காரர் விசைத்தறியில் வேலை செய்கிறவர். இந்த இரண்டு செலவும் சேர்ந்து அவருடைய ஒரு வாரக் கூலியைத் தின்றுவிட்டன. ஃபார்மேட்டில் போன படங்களுக்கு யார் விலை சொல்வது? பாட்டி உயிரோடு இருந்தபோது ஆடிக் கிருத்திகைக்குக் காவடியோடு படியேறிய படங்கள் அதில் இருந்தன.

அக்காவிடம் ஒன்று சொன்னேன். "கணினியைத் திறக்காதே. கடைக்கும் அனுப்பாதே. ஒரு நோட்டை எடுத்துப் பக்கத்தில் வை. எப்போது ஆஃப் ஆனாலும் தேதி, மணி, கணினியில் என்ன வேலை நடந்தது, அந்த நேரத்தில் வீட்டில் என்ன நடந்தது என்று எழுது." மளிகைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் அக்கா எழுத ஆரம்பித்தாள்.

பத்து நாளில் ஏழு பதிவுகள். படித்துப் பார்த்தால் ஆறு பதிவுகள் மாலை ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே. அதிகாலையில் பிள்ளை படிக்கும்போது ஒன்றுகூட இல்லை. வீட்டில் என்ன நடந்தது என்ற இடத்தில் அக்காவின் கையெழுத்தில் திரும்பத் திரும்ப ஒரே சொல்: மோட்டார் போட்டேன்.

தொட்டியில் சேர்ந்த தண்ணீரை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் அது. இந்த வகை மோட்டார் ஓடும்போது எடுக்கும் மின்சாரத்தைவிட, கிளம்பும் கணத்தில் ஐந்து, ஆறு மடங்கு இழுக்கும். அந்தக் கணம் வீட்டில் வோல்டேஜ் தாழ்ந்து எழும். குழல்விளக்கு ஒரு தடவை கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். விளக்குக்கு அது சிமிட்டல். கணினிக்கு அது மயக்கம்.

இங்கே கொஞ்சம் நின்று விளக்க வேண்டும். சிபியூ பெட்டிக்குள் எஸ்எம்பிஎஸ் என்று ஒரு சிறு பெட்டி இருக்கிறது. சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை வாங்கி 12, 5, 3.3 வோல்ட்டுகளாகத் தருவது அதன் வேலை. வரும் மின்சாரம் அறுந்தால், தன் கெபாசிட்டரில் சேர்த்து வைத்திருப்பதை வைத்து அது சமாளிக்கும். எவ்வளவு நேரம்? ஒரு நொடியை ஆயிரம் பங்காக்கினால் அதில் ஏறத்தாழ 16 பங்கு நேரம். நம் மின்சாரத்தின் ஒரு அலை முடிய 20 பங்கு ஆகிறது. ஆக, ஒரு அலை முழுதாகத் தவறினாலே கையிருப்பு தீர்ந்துவிடும். பழைய எஸ்எம்பிஎஸ் இன்னும் சீக்கிரம் கைவிடும். அது கைவிடப்போகும்போது, தான் தரும் மின்சாரத்தை இனி நம்ப வேண்டாம் என்று மதர்போர்டுக்குச் சைகை போகிறது. மதர்போர்டு எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, மின்சாரம் சீரானதும் முதலிலிருந்து தொடங்குகிறது. பல கணினிகளில், கரண்ட் திரும்பியதும் தானாக ஆன் ஆக வேண்டுமா, வேண்டாமா என்று பயாஸில் ஒரு அமைப்பும் உண்டு. அக்கா வீட்டுக் கணினியில் அது ஆன் ஆகும்படி வைக்கப்பட்டிருந்தது. தன்னைக் காத்துக்கொள்ளப் பெட்டி செய்த வேலை, வெளியிலிருந்து பார்த்தவர்களுக்கு வைரஸாகத் தெரிந்திருக்கிறது.

"யுபிஎஸ் இருக்கே மாமா?" என்று அக்கா மகள் கேட்டாள். நல்ல கேள்வி. யுபிஎஸ் இருந்தது, பச்சை விளக்கும் எரிந்தது. அதற்குள் இருந்த பேட்டரிதான் செத்துப்போயிருந்தது. கரண்ட் நன்றாக வரும்வரை யுபிஎஸ் அதை அப்படியே கடத்திவிடும். தாழ்ந்தவுடன் பேட்டரிக்குத் தாவும். தாவிய இடத்தில் தரை இல்லை.

இதைச் சோதிக்க ஒரு வழி சொல்கிறேன், செலவில்லாதது. கணினியை முறையாக அணைத்து, அதன் வயரை யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிவிடுங்கள். அந்த இடத்தில் 60 வாட் குண்டு பல்பு ஒன்றை மாட்டி எரியவிடுங்கள். எல்இடி பல்பு போதாது, அது இழுக்கும் சுமை மிகக் குறைவு. இப்போது யுபிஎஸ்ஸுக்கு வரும் சுவர் சுவிட்சை அணையுங்கள். பல்பு சில நிமிடமாவது எரிந்தால் பேட்டரிக்கு உயிர் இருக்கிறது. உடனே அணைந்தால் பேட்டரியை மாற்றும் நேரம் வந்துவிட்டது. வீட்டு யுபிஎஸ்ஸில் பெரும்பாலும் 12 வோல்ட், 7 ஏஎச் பேட்டரிதான் இருக்கும். இரண்டு, மூன்று வருடம் உழைக்கும். வெப்பம் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் இந்த வகை பேட்டரியின் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் உள்ளவர்களின் கணக்கு. அக்கா வீட்டில் யுபிஎஸ் இருந்த இடம் பீரோவுக்குப் பின்னால், காற்றுப் புகாத மூலை.

இன்வெர்ட்டர் வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பாருங்கள். பல இன்வெர்ட்டர்களின் பின்பக்கம் யுபிஎஸ் முறை, சாதாரண முறை என்று ஒரு சுவிட்ச் இருக்கும். சாதாரண முறையில் கரண்ட் போய் பேட்டரி எடுத்துக்கொள்ளத் தாமதமாகும். மின்விசிறிக்கு அது தெரியாது, கணினி விழுந்துவிடும். சுவிட்சைத் தள்ளினாலே தீர்கிற காரியத்துக்கு ஃபார்மேட் போட்டவர்கள் எத்தனை பேரோ.

அக்கா வீட்டில் பேட்டரியை மாற்றினார்கள். எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து மீட்டர் போர்டில் தளர்ந்திருந்த நியூட்ரல் இணைப்பை முறுக்கிவிட்டார். தளர்ந்த இணைப்பு தீப்பிடிக்கவும் காரணமாகும், அதை நீங்களாகத் தொடாதீர்கள். வந்தவர் எர்த் குழியையும் பார்த்து, கோடையில் அதில் தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டுப் போனார். பாறையும் வறண்ட மண்ணும் உள்ள மலையடிவாரத்தில் கேட்க வேண்டிய சொல்தான் அது.

தானாக அணைந்தால் வைரஸ் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது? ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது. 2003 ஆகஸ்ட்டில் பிளாஸ்டர் என்ற புழு உலகெங்கும் பரவியது. விண்டோஸ் எக்ஸ்பி கணினிகளில் ஒரு சிறு கட்டம் தோன்றும், 60 நொடி இறங்குமுகமாக எண்ணும், கணினி அணைந்து மீண்டும் எழும். அடுத்த ஆண்டு வந்த சாசர் புழுவும் அதே கூத்து. அதை எழுதியவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஒரு இளைஞர். மென்பொருளால் வரும் ரீஸ்டார்ட் இன்றும் உண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு பிழையான அப்டேட்டால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையில் விழுந்தன. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

அப்படி வந்தால் அடையாளம் இருக்கும். நீலத் திரை, புதிய விண்டோஸில் கறுப்புத் திரை, கண நேரமாவது தெரியும். விண்டோஸ் அதைக் காட்டியவுடன் மறுதொடக்கம் செய்துவிடுவதால் படிக்க முடிவதில்லை. சிஸ்டம் ப்ராபர்ட்டீஸுக்குப் போய், அட்வான்ஸ்டு பகுதியில் ஸ்டார்ட்அப் அண்ட் ரெக்கவரி என்பதைத் திறந்து, தானாக ரீஸ்டார்ட் ஆகும் கட்டத்தில் உள்ள டிக்கை எடுத்துவிடுங்கள். அடுத்த தடவை அந்தத் திரை அப்படியே நிற்கும், போனில் படம் பிடித்துக்கொள்ளலாம். மெக்கானிக்குக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

ஈவென்ட் வியூவர் என்ற பதிவேடும் விண்டோஸுக்குள் இருக்கிறது. அதில் கெர்னல் பவர், எண் 41 என்று சிவப்புக் குறியோடு ஒரு வரி இருந்தால் பயந்துவிட வேண்டாம். கணினி முறையாக அணைக்கப்படவில்லை என்று மட்டும்தான் அது சொல்கிறது, ஏன் என்று அதற்கே தெரியாது. ஆனால் அதிலுள்ள மணியை உங்கள் நோட்டில் உள்ள மணியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அக்கா தூங்கிக்கொண்டிருந்தபோது நடந்த ஒன்றும் அந்தப் பதிவேட்டில் வேறொரு வரியாக அகப்பட்டது. அது விண்டோஸ் அப்டேட் தானாகச் செய்துகொண்ட மறுதொடக்கம்.

பேட்டரி மாற்றிய பிறகு மாதக்கணக்கில் நோட்டில் வேலை இல்லை. பிறகு மே மாதம் வந்தது. திருத்தணியின் கோடை உங்களில் பலருக்குத் தெரியும். வானிலை அறிக்கையில் 40 டிகிரியைத் தாண்டிய ஊர்களை வாசிக்கும்போது வேலூரோடு திருத்தணியும் அடிக்கடி இருக்கும். ஒருநாள் மதியம் அக்காவே போன் செய்தாள்.

"தம்பி, இன்னைக்கு நின்னுபோச்சுடா. நோட்டுல எழுதிட்டேன்."

"படிக்கா."

"மணி ரெண்டே கால். மோட்டார் போடலை. கரண்ட் போகலை, ஃபேன் ஓடிட்டுதான் இருந்துச்சு. பாப்பா ஒரு மணி நேரமா வீடியோ பாடம் பார்த்துட்டு இருந்தா. ஃபேன் சத்தம் ரொம்ப ஏறுச்சு, அப்புறம் டப்புனு ஆஃப். இந்தத் தடவை தானா ஆன் ஆகலை, நாங்க பட்டனை அழுத்தினப்புறம்தான் ஆன் ஆச்சு."

அந்தக் கடைசி வரிதான் எனக்கு வேண்டியிருந்தது. ப்ராசஸர் 100 டிகிரியை நெருங்கும்போது முதலில் தன் வேகத்தைக் குறைத்துப் பார்க்கும். அதற்கும் சூடு இறங்காவிட்டால் கருகுவதற்குள் தானே அணைந்துவிடும், அணைந்தபடியே கிடக்கும். எப்படிச் சுத்தம் செய்வது என்று போனிலேயே சொன்னேன். சுவிட்சை அணைத்து, எல்லா வயரையும் பிடுங்கி, வாசலுக்குக் கொண்டுபோய்ப் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றச் சொன்னேன். விசிறி இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு, மெல்லிய பிரஷ்ஷால் தூசியைத் தட்டச் சொன்னேன். மதர்போர்டில் நிற்கும் சிறு உருளைகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பார்க்கச் சொன்னேன். உப்பியிருந்தால் கடைக்குத்தான் போக வேண்டும். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னேன். சுவரிலிருந்து பிடுங்கிய பிறகும் அதற்குள் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

உருளைகள் எல்லாம் தட்டையாகத்தான் இருந்தன. ப்ராசஸர் மேல் இருந்த அலுமினியத் தகடுகளுக்கு நடுவிலிருந்து அக்கா மகள் எடுத்த தூசி ஒரு தீப்பெட்டி கொள்ளும் அளவு. அதில் பாதி, அக்கா வீட்டுக்காரரின் சட்டையோடு தறியிலிருந்து வீட்டுக்கு வந்த பஞ்சு.

அன்று மாலை அக்கா நோட்டில் இன்னொரு வரி சேர்த்தாள். தேதியும் மணியும் போட்டு, வீட்டில் என்ன நடந்தது என்ற இடத்தில் எழுதியிருந்தாள்: மோட்டார் போட்டேன், பாப்பா படிக்கிறாள், ஒன்றும் ஆகவில்லை.