இந்த ஊர் எது?



"இரண்டு கண்டங்களில் காலூன்றிய நகரம். நடுவே ஒரு நீரிணை. முதலில் பைசாந்தியம், பிறகு கொன்ஸ்தாந்திநோபிள். 1453இல் துருக்கியர் கைப்பற்றினர். இந்த ஊர் எது?"

மொனராகலைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலையொன்றில் எங்கள் பூமிசாஸ்திர ஆசிரியர் இப்படித்தான் கேட்பார். "இஸ்தான்புல்!" என்று ஒரே குரலில் கத்துவோம். "ஏரியின் நடுவே எழுந்த நகரம். 1521இல் ஸ்பானியர் பிடித்தனர். பின்னர் ஏரி வற்றடிக்கப்பட்டது. இன்று மண்ணுக்குள் மெல்ல அமிழ்கிறது. எது?" "மெக்ஸிகோ!" எங்களிற் பலர் அப்போது கடலைக்கூடக் கண்டதில்லை.

நீர் எங்கே, வழி எங்கே, பழைய பெயர் என்ன? இம்மூன்றையும் கேட்டால் ஊர் தானாகவே வாய் திறக்கும் என்பார் அவர்.

நமது ஊவாவையே எடுத்துக்கொள்வோம். நமுனுகுல மலையின் நிழல். அருகே ஓர் ஓயா. பழமை மிக்க முத்தியங்கனை விகாரை. 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்த மேஜர் ரோஜர்ஸின் நினைவாக எழுந்த தேவாலயம். 1924இல் வந்து சேர்ந்து, அதற்கப்பால் போகாமல் நின்றுவிட்ட ரயில் பாதை. பதுளை என்று சொல்லிவிடுவீர்கள்.

ஆனால் குறிப்புகள் சிலவேளை ஏமாற்றவும் செய்யும். பதுளைத் தூண் கல்வெட்டு என்று ஒன்றுண்டு. பத்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த அக்கல்லில் ஒரு சந்தைக்கான ஒழுங்குகள் பொறிக்கப்பட்டுள்ளன. பதுளைச் சந்தை என்று எண்ணிவிடாதீர்கள். கல் கிடைத்த இடம் மகியங்கனைப் பக்கத்துச் சொரபொர வாவியருகே. பிற்காலத்தில்தான் அது பதுளைக்குக் கொண்டுவரப்பட்டது. கல் இடம் பெயர்ந்தது. பெயர் புதிய இடத்தோடு ஒட்டிக்கொண்டது.

மொனராகலைக்கோ பெயரே குறிப்பு. சிங்களத்தில் 'மொனர' என்றால் மயில். 'கல' என்றால் கல். மயிற்பாறை!

ஒருநாள் வகுப்பில் ஒரு பையன் எழுந்தான். "சேர், எங்க லயத்துக்கு ஒரு குறிப்புச் சொல்லுங்க."

ஆசிரியர் பேசவில்லை. என்ன சொல்வார்? எங்கள் அட்லசில் அந்த மலை இல்லை. துரைமார் வைத்த ஆங்கிலப் பெயர் ஒன்று. நம்மவர் வாயில் வழங்கும் பெயர் வேறொன்று. லயத்துக்கெனத் தனி முகவரி கிடையாது. கடிதமெல்லாம் தோட்டக் கந்தோருக்குத்தான் வரும். இஸ்தான்புல்லைக் கண்டுபிடித்த பிள்ளையைத் தபாற்காரரால் கண்டுபிடிக்க முடியாத நிலை.

நேயர்களே, இது விளையாட்டுக் கேள்வியன்று. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை, கொஸ்லந்தைக்கு அருகே மீரியபெத்தவில் மலை சரிந்தது. லயங்களும் மனிதரும் மண்ணுக்குள் போயினர். எந்த வீடு எங்கிருந்தது, எந்தத் திண்ணையில் யார் அமர்ந்திருப்பார் என்பதையெல்லாம் தப்பியவர்களின் நினைவுதான் காத்து வைத்திருக்கிறது. அவர்களும் போய்விட்டால், "இந்த ஊர் எது?" என்ற கேள்விக்கு விடை சொல்ல யார் இருப்பார்?

பைசாந்தியத்தை நாம் அறிந்திருப்பது அது பெரிய நகரம் என்பதால் மட்டுமன்று. யாரோ எழுதி வைத்தார்கள். அழிந்த ஊரும் எழுத்தில் நிற்கும். எழுதப்படாத ஊர் இருக்கும்போதே மறையும்.

ஆகவே இன்றிரவு உங்கள் வீட்டு அப்பாயியிடமோ அம்மாயியிடமோ கேளுங்கள். பீலித் தண்ணீர் எங்கிருந்து வந்தது? பெரட்டுக்களம் எங்கே இருந்தது? அந்த மலைக்கு நம்மவர் வைத்த பெயர் என்ன? ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். நீர், வழி, பழைய பெயர். மூன்றே மூன்று குறிப்புகள் போதும்.

அந்தப் பையனுக்கு நாம் கொடுக்க வேண்டிய விடை இன்னும் பாக்கியிருக்கிறது.