பேய்க்கு எதிரே யார்?

இன்றைக்கு ஒரு பேய்ப்படத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். 2014 டிசம்பரில் வந்த 'பிசாசு'. இயக்கியவர் மிஷ்கின். தயாரித்தவர், நம் தேனி மாவட்டத்திலிருந்து சினிமாவுக்குப் போன பாலா. கதையை முடிவு வரைக்கும் சொல்லிவிடப்போகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். முடிவைச் சொல்லாமல் இந்தப் படத்தின் அருமையைச் சொல்ல வழியில்லை.

சாலையில் ஓர் இளம்பெண் அடிபட்டுக் கிடக்கிறாள். இடித்த வண்டி நிற்காமல் போய்விட்டது என்றே நினைக்கிறோம். சித்தார்த் என்ற வயலின் கலைஞன் அவளை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறான். அவள் பிழைக்கவில்லை. உயிர் போகிற நேரத்தில் அவன் கையைப் பற்றிக்கொள்கிறாள். செத்த பிறகு அவன் குடியிருக்கும் வீட்டுக்கே வந்துவிடுகிறாள். நாமும் அவனோடு சேர்ந்து நடுங்குகிறோம். அவனுடைய அம்மா குளியலறையில் விழுந்து அடிபட்டதும், இது பிசாசு செய்த வேலைதான் என்று அவன் முடிவே கட்டிவிடுகிறான். அம்மாவைக் காப்பாற்றியதே அந்தப் பிசாசுதான் என்பது பிறகு தெரியவருகிறது.

அதற்கப்புறம் பேயை விரட்டும் பேச்சு போய், அவளைக் கொன்றவனைத் தேடும் கதையாகிவிடுகிறது. சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஒருவர் சொன்ன சாட்சியத்தால் தேடல் வழிதவறுகிறது. உண்மை விளங்கும்போது பார்த்தால், அது சித்தார்த்தின் கார். இடித்தவன் அவனேதான். அவளோ அவனைப் பழிவாங்கவில்லை. அவளுடைய அப்பாவாக ராதாரவி வருகிறார். மகளை அடக்கம் செய்ய மனம் வராமல், ஐஸ் ஃபேக்டரியில் பனிக்கட்டிகளுக்கு நடுவே அந்த உடலை வைத்துக் காத்துக்கொண்டிருக்கும் தகப்பன். கடைசியில், தன்னைக் கொன்றவனுக்கு எதிரான சாட்சியாக நிற்கும் காரையும் தன் உடலையும் சேர்த்து அந்தப் பெண்ணே எரித்துவிடுகிறாள்.

பேய்ப்படம் என்றால் நல்லதுக்கும் கெட்டதுக்கும் நடக்கும் சண்டை என்பார்கள். இந்தப் படத்தில் கெட்டது எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். பேயிடம் இல்லை. அவன் மனசிலும் வஞ்சகம் கிடையாது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவனுக்குக் கவனம் தப்பிய ஒரு நொடியில்தான் இருக்கிறது. அந்த நொடிக்கு ஒரு பெண்ணின் உயிர் விலையாகிவிட்டது. பேய்ப்படத்தில் நான் தேடுவது இதைத்தான்: தீமை என்று படம் யாரை, எதைக் காட்டுகிறது? அந்த இடத்தில் படம் உண்மையாக இருந்தால் பயமும் உண்மையாக இருக்கும்.

மேலைநாட்டுப் படங்கள் சிலவற்றில் தீமை வெளியிலிருந்து வரும். 1973-இல் 'எக்ஸார்சிஸ்ட்' வந்தது. 1976-இல் 'ஓமன்'. ஒன்றில் சிறுமியின் உடம்புக்குள் சாத்தான் புகுந்துகொள்கிறான். இன்னொன்றில் சாத்தானின் பிள்ளையே பணக்கார வீட்டில் வளர்கிறான். ஓமனின் சாயலில் தமிழில் 1985-இல் 'யார்?' வந்தது. சக்தி–கண்ணன் இயக்கிய படம். அர்ஜுன், ஜெய்சங்கர், நளினி நடித்தார்கள். இயக்குநர்களில் ஒருவருக்கு 'யார்' கண்ணன் என்றே பெயர் நிலைத்துவிட்டது. சாத்தானை நம்பாத ஊருக்கு அந்தக் கதையை எப்படிக் கொண்டுவருவது? கிரகங்களைத் துணைக்குக் கூப்பிட்டார்கள். கிரகங்கள் ஒரே கோட்டில் வந்து நிற்கும் வேளையில் பிறந்த பிள்ளைக்குள் தீயசக்தி. நம் ஜனங்களுக்குச் சட்டென்று பிடிபடுகிற காரணம்தான்.

ஆனால் நம் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குக் கிரகம் அவ்வளவு எளிதாகப் பகையாகிவிடுவதில்லை. குச்சனூருக்குப் போய்ப் பாருங்கள். சுரபி நதிக்கரையில் சனீஸ்வரரே சுயம்புவாக மூலவர். ஆடிச் சனிக்கிழமைகளில் கால் வைக்க இடம் இருக்காது. எள் தீபம் ஏற்றுகிறார்கள், காக்கைக்குச் சோறு வைக்கிறார்கள். ஊரே அஞ்சும் சனியை யாரும் விரட்டப் பார்ப்பதில்லை. நேரே போய் முன்னால் நின்று, என் வினை இது, பார்த்துச் செய்யப்பா என்று முறையிடுகிறார்கள். அதே கோயிலில் சோணைக் கருப்பணசாமியும் இருக்கிறார். அவருக்கு மதுபாட்டில்களும் கிடாயும் சேவலும் காணிக்கை. கருப்பு என்றால் பயம்; கருப்பு துணை என்றால் தைரியம். இருட்டில் தனியாகத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர் இரண்டையும் சேர்த்தே மனசில் வைத்திருப்பார். இங்கே காக்கிற சாமிக்கு மென்மையான முகம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமே கிடையாது.

அதனால்தானோ என்னவோ, காரணமில்லாத தீமை நம் திரையில் நிலைப்பதில்லை. கோடி ராமகிருஷ்ணாவின் 'அருந்ததி' 2009-இல் தெலுங்கிலிருந்து வந்து நம் ஊர்த் தியேட்டர்களையும் கலக்கியது. அதில் வரும் பசுபதி, மாந்திரீகன் ஆவதற்கு முன்பே பெண்களைச் சீரழித்த அரண்மனை மாப்பிள்ளை. செத்தபின் அவன் செய்வதெல்லாம் உயிரோடு இருந்தபோது செய்ததன் தொடர்ச்சி. அவனை அழிக்கத் தன் எலும்பையே ஆயுதமாக்கச் சொல்லி உயிரைக் கொடுக்கிறாள் அந்த அரண்மனைப் பெண் ஜேஜம்மா.

இதற்கெல்லாம் மூத்த கதை ஒன்று நம் மலை மேலேயே இருக்கிறது. கூடலூருக்கு மேலே, கேரள எல்லையில், மங்கலதேவி கண்ணகி கோயில். சித்திரைப் பௌர்ணமி அன்று ஒரு நாள்தான் மக்களுக்கு அனுமதி. பளியன்குடியிலிருந்து காட்டுப்பாதையில் நடந்து ஏறுகிறவர்கள் ஒரு பக்கம், குமுளியிலிருந்து ஜீப்பில் வருகிறவர்கள் இன்னொரு பக்கம். வெயிலில் மூச்சு வாங்க மேலே போனால், சரிந்துகிடக்கும் கற்களுக்கு நடுவே பழைய கருங்கல் சுவர்கள். பெண்கள் வளையலும் மஞ்சள் கயிறும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறார்கள். மதுரையை எரித்துவிட்டு வந்தவள் நின்ற இடம் இதுதான் என்பது நம் மக்களின் நம்பிக்கை.

சிலப்பதிகாரத்தைப் பயத்தோடு படித்துப் பாருங்கள். தலைவிரி கோலம், கையில் ஒற்றைச் சிலம்பு, கண்ணீர், அரண்மனை வாசலில் வந்து நிற்கும் பெண். அவளைப் பார்த்த வாயிற்காவலனே கதிகலங்கிப்போகிறான். இன்றைய பேய்ப்படத்தின் முக்கியமான காட்சிகள் எல்லாம் அங்கே இருக்கின்றன. அவளுக்கு எதிரே நிற்பவனோ அசுரன் இல்லை. விசாரிக்காமல் வாய்தவறி ஓர் உத்தரவு போட்ட அரசன். தவறு விளங்கிய அந்த இடத்திலேயே அவன் உயிர் போய்விடுகிறது. என்னை ஒவ்வொரு முறையும் உலுக்குவது அடுத்து நடப்பது. ஊருக்குத் தீ வைக்கும்போதும் குழந்தைகள், முதியவர்கள், பசுக்கள், பத்தினிப் பெண்கள், அறவோரை எல்லாம் விட்டுவிட்டுத் தீயவர்களை மட்டும் பற்று என்று தீக்கு அவள் கட்டளையிடுகிறாள். அவ்வளவு ஆவேசத்திலும் நல்லவர் யார், கெட்டவர் யார் என்று பிரித்துப் பார்க்கிற ஒரு பெண்!

அப்படிப் பிரித்துப் பார்க்கத் தவறும் படங்கள் மீது எனக்குக் கோபமே உண்டு. வேப்பிலையால் அடிப்பது, முடியைப் பிடித்து இழுப்பது, சாட்டையைச் சுழற்றுவது. திரையில் இதெல்லாம் பேயோட்டுகிற நல்லவர் செய்கிற காரியம். பின்னணி இசையும் அவர் பக்கம்தான். அடி வாங்குவது பெரும்பாலும் ஒரு பெண்ணின் உடம்பு. படம் முடிந்து ஊருக்குள் வந்தால், பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் பிதற்றும் மருமகளைக் காத்து கருப்பு அண்டிவிட்டது என்று கோடாங்கியிடம் கூட்டிப்போகும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. உடுக்கைச் சத்தமும் குறி சொல்வதும் மனசுக்கு ஓர் ஆறுதல் என்றால் அதை நான் குறை சொல்ல மாட்டேன். அடியும் சங்கிலியும் வேறு. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு கொட்டகை தீப்பிடித்து 28 பேர் கருகிப்போனார்கள். மனநோயாளிகள். சங்கிலியால் கட்டப்பட்டிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. அந்தச் சங்கிலியை விடக் கொடிய பேயை எந்தப் படமும் எனக்குக் காட்டியதில்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருந்தால், தயவுசெய்து முதலில் அரசு ஆஸ்பத்திரியின் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். மற்றதெல்லாம் பிறகு.

நம் பகுதியில் கேமராவோடு அலையும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. பாழடைந்த பங்களாவையும் வெள்ளைப்புடவையையும் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். விடிவதற்கு முன்னால் கம்பத்திலும் தேவாரத்திலும் போடியிலும் தூக்குவாளியோடு வரிசையாக நிற்கும் பெண்களைப் பாருங்கள். ஏலத்தோட்டத்து வேலைக்குக் கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியாக ஜீப்பில் மலையேறிப் போய், பொழுது சாய இறங்கி வருகிறவர்கள். நிதானமாக ஏற்றினால் பத்துப் பேர் அமரும் வண்டியில் எத்தனை பேரைத் திணிக்கிறார்கள், கொண்டை ஊசி வளைவில் எந்த வேகத்தில் திருப்புகிறார்கள் என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விபத்துச் செய்தியும் நமக்குப் புதிதில்லை. அப்படி விபத்தில் உயிர்போன ஒருத்தி மறுநாள் காலையும் தூக்குவாளியோடு அதே ஜீப்பில் வந்து ஏறுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரைப் பார்க்க வந்திருக்கிறாள்? ஓட்டியவனையா, அதிக ஆள் ஏற்றச் சொன்னவனையா, தெரிந்தும் தடுக்காமல் விட்டவர்களையா? அந்த இடத்திலிருந்து எழுத ஆரம்பியுங்கள். தேனியிலேயே அந்தப் படத்தின் முதல் காட்சிக்கு நான் டிக்கெட் எடுக்கிறேன்.