மீமில் அடி யாருக்கு விழுகிறது?



2019 மே மாதம் 'நேசமணி' உலக அளவில் ட்ரெண்ட் ஆனது நினைவிருக்கும். 2001-இல் வந்த 'பிரண்ட்ஸ்' படத்தின் பாத்திரம் அது. வடிவேலுவின் முகம் ஒன்று போதும், மீதியை நம் பிள்ளைகள் புரிந்துகொள்வார்கள். இவ்வளவு வலுவான கருவியைச் சாதியவாதிகள் நன்றாகவே பயன்படுத்துகிறார்கள். நாம்?

எங்கள் மாலை வகுப்பில் ஒன்பதாவது, பத்தாவது படிக்கும் பிள்ளைகளோடு மீம் போட்டுத்தான் அரசமைப்புச் சட்டம் படிக்கிறேன். 'இட ஒதுக்கீடு பத்து வருசத்துக்குத்தான்னு அம்பேத்கரே சொல்லிட்டார்' என்ற பொய் அவர்களின் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. "இதுக்குப் பதில் மீம் போடுங்க" என்றேன். ஒரே விதிதான்: சட்டப்பிரிவின் எண் அதில் இருக்க வேண்டும்.

எண்ணைத் தேடினால் சட்டத்தைப் படித்தாக வேண்டுமே! படித்தார்கள். பத்தாண்டுக் கெடு இருப்பது 334ஆம் பிரிவில். அது மக்களவை, சட்டமன்றத் தனித்தொகுதிகளுக்கானது. அதையும் நாடாளுமன்றம் பத்துப் பத்து ஆண்டுகளாக நீட்டித்து, இப்போது 2030 வரை வந்திருக்கிறது. கல்விக்கும் வேலைக்குமான இட ஒதுக்கீடு 15(4), 16(4) பிரிவுகளில் இருக்கிறது. அங்கே கெடு எதுவும் கிடையாது. அந்த 15(4)-கூட, வகுப்புவாரி ஆணையை நீதிமன்றம் செல்லாது என்று சொன்னதை எதிர்த்துத் தமிழ்நாடு கிளர்ந்தெழுந்த பிறகு, 1951-இல் முதல் சட்டத்திருத்தத்தில் வந்தது.

பிள்ளைகள் போட்ட மீம் இது. மேல் கட்டத்தில் சவடால் விடும் 'வின்னர்' கைப்புள்ள: "பத்து வருசம் முடிஞ்சிருச்சு, தூக்குடா இட ஒதுக்கீட்ட!" கீழ்க் கட்டத்தில் அடிவாங்கித் திரும்பும் அதே கைப்புள்ள: "334 வேற, 16(4) வேறயாம்ணே..."

வகுப்பே சிரித்தது. இனி அந்த எண்கள் மறக்குமா?

பள்ளி வாட்ஸ்அப் குழுவில் 'கோட்டா' என்று கேலி வரும்போது தலைகுனியும் பிள்ளைக்கு, பதில் கையில் இருப்பது சின்ன விசயமில்லை தோழர்களே.

எல்லா மீமும் நமக்கானதல்ல. கருப்பு நிறத்தை, பேச்சுவழக்கை, பெற்றோரின் தொழிலைக் கேலி செய்கிற மீம்களும் வகுப்புக்கு வரும். அவற்றை நாங்கள் அழிப்பதில்லை. 'இதில் அடி யாருக்கு விழுகிறது? ஆதிக்கம் செய்பவருக்கா, ஏற்கெனவே அடிபட்டவருக்கா?' என்று கேட்கிறோம். பிள்ளைகளே பதில் சொல்லிவிடுகிறார்கள். சிரிப்பிலும் சாதி இருப்பதை அங்கே கண்டுகொள்கிறார்கள்.

மீம் புத்தகத்துக்கு மாற்றல்ல. புத்தகத்தைத் திறக்க வைக்கிற சாவி. உங்கள் ஊர்ப் படிப்பகத்தில் இந்த வாரமே தொடங்குங்கள்: ஒரு பொய், ஒரு சட்டப்பிரிவு, ஒரு படம். மற்றதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்வார்கள்.

ஜெய்பீம்!