இல்லங்களில் பேண வேண்டிய அமானிதம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே எல்லாப் புகழும். அண்ணல் நபி (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் ஸலவாத்தும் ஸலாமும் உண்டாவதாக.



சுற்றுச்சூழல் என்ற சொல் காதில் விழுந்ததும், அது அரசாங்கத்தின் வேலை, ஆலை முதலாளிகளின் வேலை என்று நம்மில் பலர் எண்ணிவிடுகின்றோம். சிப்காட் புகைபோக்கிகளைக் காலையும் மாலையும் பார்த்து வாழும் நமக்கு அவ்வெண்ணம் தோன்றுவதில் வியப்பில்லை. ஆலைப் புகைக்கும் கழிவுநீருக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள் அவற்றை நடத்துபவர்களே. கேட்க வேண்டிய இடத்தில் நாம் கேட்கத்தான் வேண்டும். ஆயினும் இன்று நாம் பேச வந்தது வீட்டு வாசற்படிக்கு உட்பட்ட காரியங்களை. அவற்றைத் திருத்திக் கொள்ள எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. அவற்றின் பலனும் முதலில் வந்து சேருவது நம் மனைவி மக்களுக்கே.

முதலாவதாகத் தண்ணீர்.

நம் திருவள்ளூர் மாவட்டம் சென்னை மாநகருக்குத் தண்ணீர் ஊட்டும் மாவட்டம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-ல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், சோழவரம் ஏரி, புழல் ஏரி ஆகிய அனைத்தும் இங்கேதான் உள்ளன. ஆந்திராவிலிருந்து கிருஷ்ணா நீர் 1996 முதல் ஊத்துக்கோட்டை வழியாகவே வருகிறது. நமக்கு அருகிலேயே தேர்வாய்கண்டிகையில் புதிய நீர்த்தேக்கம் 2020-ல் திறக்கப்பட்டது. இத்தனையும் இருக்க, 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் சென்னைக்குத் தண்ணீர் கொண்டுவந்ததை நாம் கண்டோம்.

அதைவிட ஆழமான பாடம் மீஞ்சூரில் இருக்கிறது. ஒரு காலத்தில் இளநீர் போன்ற நீர் கிடைத்த பூமி அது. நகரத்திற்காகவும் ஆலைகளுக்காகவும் பாசனத்திற்காகவும் மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளின் நிலத்தடி நீர் பல்லாண்டுகளாக இடைவிடாது இறைக்கப்பட்டது. மண்ணுக்கடியில் நன்னீர் நிரம்பி நிற்கும் வரை அது கடல்நீரைத் தள்ளி நிறுத்துகிறது. நன்னீர் மட்டம் இறங்கினால் கடல்நீர் உள்ளே நகர்கிறது. அவ்வாறே கரையிலிருந்து பல கிலோமீட்டர் தூரம் உப்பு ஏறி, கிணறுகள் கெட்டன, நெல் வயல்கள் கெட்டன. பின்னர் 2010-ல் அதே மீஞ்சூர் அருகே கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் தரும் அளவுக்கு அது அமைக்கப்பட்டது. அல்லாஹ் இலவசமாகத் தந்திருந்த நன்னீரை இழந்துவிட்டு, மின்சாரத்தைக் கொட்டி உப்பைப் பிரித்தெடுக்கும் நிலைக்கு வந்தோம்.

அல்ஃபுர்கான் அத்தியாயத்தின் 53-ஆவது வசனத்தில், சுவைநீரையும் உவர்நீரையும் படைத்து, இரண்டிற்கும் இடையே தடுப்பை ஏற்படுத்தியிருப்பதைத் தன் அத்தாட்சியாக இறைவன் குறிப்பிடுகின்றான். விரிவுரையாளர்கள் இதற்குப் பல விளக்கங்கள் தந்துள்ளனர்; அவற்றுள் நாம் இப்போது நுழையவில்லை. ஆனால் மீஞ்சூர்ப் பக்கம் செல்லும் போதெல்லாம் அவ்வசனம் நம் நெஞ்சில் வந்து நிற்கிறது. அல்முல்க் அத்தியாயத்தை இரவுதோறும் ஓதும் தாய்மார்கள் இங்கு உள்ளனர். அதன் கடைசி வசனம், உங்கள் தண்ணீர் பூமிக்குள் போய்விட்டால் அதை மீட்டுத் தருபவன் யார் என்ற கேள்வியோடுதான் முடிகிறது.

இனி நம் பள்ளிவாசலுக்கும் வீட்டிற்கும் வருவோம். நபி (ஸல்) அவர்கள் ஒரு ‘முத்’ அளவு நீரில் உளூ செய்தார்கள், ஒரு ‘ஸாஉ’ முதல் ஐந்து ‘முத்’ வரையிலான நீரில் குளித்தார்கள் என்பது அனஸ் (ரலி) அவர்கள் வாயிலாக புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது. நான்கு முத் சேர்ந்தது ஒரு ஸாஉ. முத் என்பதன் அளவில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. எப்படிக் கணக்கிட்டாலும் அது ஏறத்தாழ ஒரு லிட்டரோ அதற்குக் குறைவோதான். ஒரு ஸாஉ நீர் தமக்குப் போதாது என்று ஒருவர் சொன்னபோது, உம்மைவிட முடி அடர்ந்தவரும் உம்மைவிடச் சிறந்தவருமான ஒருவருக்கு அது போதுமானதாக இருந்தது என்று ஜாபிர் (ரலி) அவர்கள் பதிலளித்த செய்தியும் புகாரீயில் இருக்கிறது.

நாம் ஒரு நாள் லுஹர் தொழுகைக்கு முன், நம் பள்ளியின் குழாயடியில் ஒரு வாளியை வைத்து உளூ செய்து பார்த்தோம். வழக்கம் போலவே குழாயைத் திறந்துவிட்டுச் செய்தோம். முடித்துப் பார்த்தால் வாளி பாதிக்கு மேல் நிறைந்திருந்தது! மிம்பரில் நின்று வீண்விரயம் பற்றிப் பேசுகின்ற நமக்கே இந்த நிலை. வெட்கமாக இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. அன்று முதல் குழாயை நூலளவு திறந்து வைத்தே உளூ செய்து பழகி வருகின்றோம். தலைக்கு மஸ்ஹு செய்யும்போது குழாயை மூடிவிடலாம். முன்னோர் காலத்து ஹவ்ளில் கையால் அள்ளிச் செய்த உளூவில் இந்த விரயம் இருக்கவில்லை. ஹவ்ளைத் தூர்த்துவிட்டுக் குழாய் வரிசை அமைத்த பள்ளிகள் பல.

ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவில் வீண்விரயம் உண்டு என்று ஸஅத் (ரலி) அவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக இப்னு மாஜாவில் வரும் ஹதீஸை நாம் அடிக்கடி கேட்டிருப்போம். அதன் அறிவிப்பாளர் வரிசையில் பலவீனம் உண்டு என்று ஹதீஸ் கலை வல்லுநர்கள் கூறியுள்ளதால் அதை மட்டும் நாம் ஆதாரமாகக் கொள்ளவில்லை. கடற்கரையில் இருந்தாலும் தண்ணீரை வீணாக்கலாகாது என்பதில் அறிஞர்கள் ஒருமித்துள்ளார்கள் என இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் முஸ்லிம் விரிவுரையில் எழுதியுள்ளார்கள். கடற்கரைக்கு அருகில் வாழும் நமக்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன வேண்டும்?

உளூ செய்த நீரைக் கொண்டு மீண்டும் உளூ செய்ய இயலாதே தவிர, அது அசுத்தமன்று. அந்நீர் சாக்கடையில் போவதற்குப் பதிலாகத் தென்னைக்கும் வாழைக்கும் முருங்கைக்கும் பாயலாம். வீட்டில் அரிசி கழுவிய நீரும் அப்படியே. 2003-ல் அரசாணைப்படி எல்லா வீடுகளிலும் மழைநீர் சேகரிப்புத் தொட்டிகள் அமைத்தோமே, அவற்றுள் எத்தனை இன்று தூர் வாரப்பட்டுள்ளன? ஐப்பசிக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை தந்தையும் மகனும் சேர்ந்து கூழாங்கல்லையும் மணலையும் கழுவிப் போட்டால், ஆழ்குழாய்க் கிணற்றின் ஆயுள் நீளும். லாரித் தண்ணீருக்குக் கொடுக்கும் பணம் பிள்ளைகளின் படிப்புக்கு மிஞ்சும்.

அடுத்து, நம் மஹல்லாவின் தனிப்பட்ட ஒரு விஷயம். வேறு ஊர் ஜமாஅத்துகளில் இதைப் பேச வேண்டிய தேவை இருக்காது.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஆலைகள் நம் பகுதியில் உள்ளன. அங்கும், அதைப் போன்ற உலோக ஆலைகளிலும் வேலை செய்பவர்கள் நம் சகோதரர்கள். ஈயத் தூள் கண்ணுக்குத் தெரியாது. அது சட்டையில், தலைமுடியில், செருப்பில் ஒட்டிக் கொண்டு வீட்டிற்கு வருகிறது. வாப்பா வந்துவிட்டார் என்று ஓடிவந்து தோளில் ஏறுகிறது குழந்தை. தரையில் தவழ்ந்து, அதே கையை வாயில் வைக்கிறது. பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் ஈயத்தைப் பன்மடங்கு ஈர்த்துக் கொள்ளும். அது மூளை வளர்ச்சியைப் பாதிக்கும், இரத்தசோகையை உண்டாக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று சொல்லத்தக்க அளவே ஈயத்திற்கு அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

ஆகவே சகோதரர்களே, கூடுமானால் ஆலையிலேயே குளித்து, உடை மாற்றிக் கொண்டு வாருங்கள். அதற்கு வசதி இல்லையெனில் வீட்டிற்கு வெளியே செருப்பை விட்டு, நேரே குளியலறைக்குச் சென்று, குளித்த பின்னரே பிள்ளையைத் தூக்குங்கள். தாய்மார்களே, அந்த உடைகளை உதறாதீர்கள். மற்ற துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவையுங்கள். வீட்டை உலர்ந்த துடைப்பத்தால் பெருக்குவதை விட ஈரத்துணியால் துடைப்பது நல்லது. பிள்ளைகளுக்குக் கீரை, பால், முட்டை கொடுங்கள். சத்துள்ள வயிற்றில் ஈயம் குறைவாகவே சேரும். ஓரிரு ரூபாய் லாபத்திற்காகப் பழைய பேட்டரியை வீட்டு முற்றத்தில் உடைப்பது கூடவே கூடாது. தனக்கும் பிறருக்கும் தீங்கிழைக்கலாகாது என்பது நபிமொழியிலிருந்து நம் சட்ட அறிஞர்கள் எடுத்த பெரும் விதி. அது முதலில் செல்லுபடியாக வேண்டிய இடம் சொந்தப் பிள்ளையின் மேனி. இதைச் சொல்ல நமக்குத் தயக்கம் இருந்தது. வேலைக்குப் போகிறவரின் மனம் நோகுமோ என்று. உழைத்துச் சம்பாதிப்பவர் மீது எக்குற்றமும் இல்லை.

மூன்றாவது, குப்பை. ஞெகிழிக் குப்பையை மாலையில் தெருமுனையில் கொளுத்தும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. ஆலைப் புகையைக் குறை சொல்லும் நாமே, குழந்தைகள் மூச்சுத் திணறும் நச்சுப் புகையை நம் ஜன்னலடியில் உண்டாக்குகின்றோம். இது இத்துடன் நிற்கட்டும்.

அதைவிட நமக்கு வருத்தம் தருவது நோன்புக் கஞ்சி. முன்பெல்லாம் அஸருக்குப் பின் பிள்ளைகள் தூக்குவாளியோடு வரிசையில் நிற்பார்கள். இப்போது கொதிக்கும் கஞ்சியைப் பாலிதீன் பையில் கட்டி வாங்கிச் செல்கின்றோம். ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக் பைகளையும் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளைகளையும் தமிழக அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்துள்ளது. 2021-ல் மஞ்சப்பை இயக்கமும் வந்தது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். பகலெல்லாம் பசித்திருந்து, சூட்டில் இளகிய பிளாஸ்டிக்கின் சாறு கலந்த கஞ்சியைக் கொண்டா நோன்பு திறப்பது?

வலீமா விருந்திலும் அப்படியே. ஒவ்வோர் இலைக்கும் ஒரு தண்ணீர்ப் பாட்டில் வைக்கின்றோம். இரண்டு மிடறு குடித்துவிட்டு எழுகின்றோம். பிரியாணியின் பாதி குப்பைத்தொட்டிக்குப் போகிறது. தென் மாவட்டக் கடற்கரை ஊர்களில் பாய் விரித்து, ஒரே சஹனைச் சுற்றி அமர்ந்து உண்ணும் பழக்கம் இன்றும் உண்டு. அங்கு இலையும் மிஞ்சுவதில்லை, சோறும் மிஞ்சுவதில்லை. இருவர் உணவு மூவருக்குப் போதும் என்ற நபிமொழியின் பொருளை அந்தச் சஹனில் காணலாம். எல்லோரும் சஹனுக்கு மாற வேண்டும் என்று நாம் வற்புறுத்தவில்லை. வாழை இலையும் எவர்சில்வர் டம்ளரும் போதும். டம்ளர் கழுவ ஆள் கிடைப்பதில்லை என்று மணமகன் வீட்டார் சொல்வது உண்மைதான். அதற்கு நம் இளைஞர்கள் முறை வைத்து உதவ முன்வந்துள்ளார்கள், மாஷா அல்லாஹ்.

இறுதியாக, நிர்வாகக் குழுவின் ஒப்புதலோடு அறிவிப்பது: வருகின்ற ரமளானில் நம் பள்ளியில் பாத்திரத்தில் மட்டுமே கஞ்சி வழங்கப்படும். தூக்குவாளி இல்லாத வீட்டார் ஷஃபான் மாதத்திற்குள் முஅத்தினிடம் பெயர் கொடுக்கவும். பள்ளியே வாங்கித் தரும். அதற்கான செலவை இருவர், தங்கள் பெயரை வெளியிட வேண்டாம் என்று கூறி, ஏற்றுக் கொண்டுள்ளார்கள். குழாயடியில் வழிந்தோடும் உளூ நீரைப் பின்புறத் தென்னைகளுக்குத் திருப்பும் வேலை அடுத்த வாரம் தொடங்குகிறது. மண்வெட்டி உள்ளவர்கள் ஞாயிறு ஃபஜ்ருக்கு வரும்போதே எடுத்து வரவும்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.