ஹோர்ட்டன் சமவெளிக்கு நடக்கப் போகிறோம்
(தோட்ட சனசமூக நிலையத்தில் பெற்றோர் மத்தியில் நிகழ்த்திய உரை)



வருகிற ஞாயிற்றுக்கிழமை நம்ம பிள்ளைகளை ஹோர்ட்டன் சமவெளிக்கு அழைத்துப் போவதாக முடிவாகியிருக்கிறது. "தெனம் மலை ஏறி எறங்குறோம், இன்னும் நடக்கிறதுக்கு அங்கே போகணுமா?" என்று பெரட்டுக் களத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் கூடை இல்லாமல், கணக்கப்பிள்ளையின் சத்தம் இல்லாமல் நடப்பது வேறு நடை, அக்கா.

இன்னும் சில தாய்மார் பிள்ளைகளை அனுப்ப மாட்டோம் என்கிறார்கள். காரணம் எல்லோருக்கும் தெரியும். போன தடவை நடந்ததை மறைக்காமல் சொல்லி விடுகிறோம்.

அன்றைக்கு நாங்கள் பிந்திப் புறப்பட்டோம். வழியில் தேத்தண்ணிக்கும் நிறுத்தினோம். நடக்கத் தொடங்கும்போதே மணி பத்தாகி விட்டது. உலக முடிவுக்குப் போனால் வெள்ளைத் துணி கட்டினது போல ஒரே மூடுபனி. திரும்பும்போது நாலு பையன்கள் ஒரு மரையைப் பார்த்து, பாதையை விட்டுப் புல்லுக்குள் ஓடி விட்டார்கள். ஒன்றரை மணித்தியாலம் தேடினோம். அந்தப் பிள்ளைகள் செய்த ஒரே நல்ல காரியம், ஓடைப் பக்கம் ஒரே இடத்தில் உட்கார்ந்து சத்தம் போட்டதுதான். இது பிள்ளைகள் குற்றமில்லை. எண்ணிப் பார்த்து, முன்னும் பின்னும் ஆள் போட்டு நடத்தாதது எங்கள் குற்றம்.

அதனால் இந்தத் தடவை விடியுமுன் மூன்று மணிக்கே லொறி புறப்படும். வாசல் காலை 6 மணிக்குத் திறக்கும். பட்டிப்பொல வழியாகப் போய், ஃபார் இன் என்ற பழைய கட்டடத்தில் இறங்கி நடக்க வேண்டும். சின்ன உலக முடிவு, பெரிய உலக முடிவு, பேக்கர் அருவி, திரும்ப ஃபார் இன். மொத்தம் சுமார் 9 கிலோமீற்றர். ஒன்பது மணிக்கு முன்னால் உலக முடிவில் நின்றால் கீழே பள்ளத்தாக்கு தெளிவாகத் தெரியும். அங்கே தேயிலையும் தெரியும். நம்மைப் போன்ற சனங்கள் பாடுபடுகிற மலை அது. அந்தப் பாறையில் வேலி கிடையாது. விளிம்பிலிருந்து பத்தடி தள்ளி நில்லுங்கள், படம் எடுக்கிறேன் என்று போகாதீர்கள்.

கிரிகல்பொத்த மலைக்கும் அங்கிருந்தே பாதை உண்டு. இலங்கையில் பீதுருதாலகாலவுக்கு அடுத்த உயரம் அதுதான். தூரம் அதிகம், சின்னப் பிள்ளைகளுக்கு ஆகாது. பெரிய பையன்கள் இன்னொரு நாளைக்குப் போகலாம்.

ஓட்டம் ஓடவும் சைக்கிள் விடவும் ஆசைப்படுகிறவர்களுக்கு நம்ம தோட்டத்து ரோட்டே போதும். காட்டுக்குள் நடைதான். இப்போது பீக்கோ டிரெயில் என்று, கண்டி ஹந்தானையிலிருந்து நுவரெலியா வரை 22 பகுதிகளாக, 300 கிலோமீற்றருக்கு மேல் நடைபாதை குறித்திருக்கிறார்கள். அதில் பெரும்பகுதி தேயிலைத் தோட்டத்துப் பழைய பாதைகள்தான். நம்ம தாத்தா பாட்டி நடந்த பாதையில் நடக்க வெளிநாட்டுக்காரர் காசு கொடுத்து வருகிறார்கள், பாருங்கள்!

சமவெளி 1988இல் தேசிய பூங்காவாக்கப்பட்டது. 2010இல் மத்திய மலைநாட்டோடு சேர்த்து உலக மரபுரிமையானது. இதையெல்லாம் விட நமக்கு முக்கியம் தண்ணீர். அந்தக் காட்டு மரங்களில் தொங்குகிற பாசி மூடுபனியைப் பிடித்து மண்ணுக்குள் விடுகிறது. மகாவலி, களனி, வளவை மூன்றுக்கும் அங்கிருந்து ஓடைகள் போகின்றன. அந்தப் புல்லில் ஒரு நெருப்புக் குச்சி விழுந்தால் என்னாகும் என்று தகப்பன்மார் யோசிக்க வேண்டும். பீடியை லொறியிலேயே வைத்து விடுங்கள்.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் சம்பலும் டப்பாவில் கொடுத்தனுப்புங்கள், அல்லது வாழையிலையில் கட்டுங்கள். பொலித்தீன் வேண்டாம். வாசலில் பையைத் திறந்து பார்த்து எடுத்து விடுவார்கள். சாப்பாட்டு வாசத்துக்கு மரைகள் பொலித்தீனைத் தின்று சாகின்றன.

கம்பளிச் சட்டை, தொப்பி, சப்பாத்து கட்டாயம். சப்பாத்து இல்லாத பிள்ளைகள் வெள்ளிக்கிழமைக்குள் எங்களிடம் சொல்லுங்கள், பார்த்துக் கொள்வோம். பத்துப் பிள்ளைக்கு ஒரு பெரியவர் வேண்டும். இதுவரை மூன்று பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள், இன்னும் இரண்டு பேர் தேவை. போன தடவை தேட வந்த அந்த நாலு பையன்களின் தகப்பன்மார் வந்தால் எங்களுக்குத் தைரியமாக இருக்கும். லொறி பிள்ளைக்காம்பரா முன்னால் நிற்கும்.