பந்தல் இருக்கிறது, கூட்டம் எங்கே? அமெரிக்கக் கல்லூரிகளின் ‘பவுல்’ ஆட்டங்கள்

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட படிப்பு வட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நாம் எடுத்துக்கொண்டிருப்பது விளையாட்டைப் பற்றிய விஷயம். விளையாட்டில் என்ன பெரிய விஷயம் இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். ஆலையைப் பற்றிப் பேசும்போது என்ன கேட்கிறோம்? பாடுபடுவது யார், பலனை எடுத்துச் செல்வது யார் என்று கேட்கிறோம். வயலைப் பற்றிப் பேசும்போதும் அதையேதான் கேட்கிறோம். மைதானத்தைப் பார்த்தும் அதே கேள்வியைக் கேட்கலாம். அமெரிக்காவில் அந்தக் கேள்வியை இப்போது ஆட்டக்காரர்களே கேட்கத் தொடங்கிவிட்டார்கள்.

அங்கே கால்பந்து என்று சொல்லப்படுவது நமக்குத் தெரிந்த கால்பந்து அல்ல. பக்கத்துக்குப் பதினொரு பேர். தலையில் கவசம், தோளில் கவசம். முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு எதிரியின் எல்லையை நோக்கி ஓட வேண்டும். எதிர்ப்பக்கத்தார் மோதிக் கீழே தள்ளுவார்கள். முழங்கால் முறிவதும் தலையில் அடிபடுவதும் இந்த ஆட்டத்தில் சர்வசாதாரணம். பெரிய சர்வகலாசாலைகளின் மைதானங்கள் சிலவற்றில் ஒரு லட்சம் பேர் உட்கார்ந்து பார்க்கிறார்கள்.

செப்டம்பர் முதல் நவம்பர் வரை கல்லூரிகள் தங்களுக்குள் போட்டி போடுகின்றன. அதன் பிறகு டிசம்பர் கடைசியிலும் ஜனவரி முதல் நாளிலும் ‘பவுல்’ ஆட்டங்கள் வருகின்றன. பவுல் என்றால் கிண்ணம். 1914ல் யேல் சர்வகலாசாலை கிண்ண வடிவத்தில் ஒரு மைதானம் கட்டியது. அதைப் பின்பற்றி 1922ல் கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்தில் ‘ரோஸ் பவுல்’ கட்டப்பட்டது. மைதானத்தின் பெயரே நாளடைவில் ஆட்டத்தின் பெயராகிவிட்டது.

வியாபாரிகள் கண்டுபிடித்த திருவிழா

இந்த விழா எப்படிப் பிறந்தது? வடக்கே பனி கொட்டும் ஜனவரி மாதத்தில் பாசடீனாவில் ரோஜா பூக்கும். அந்த நல்ல சீதோஷ்ணத்தை ஊர் உலகத்துக்குக் காட்டவும், குளிருக்குப் பயந்த பணக்காரர்களை வரவழைக்கவும் 1890ல் ஊர்ப் பிரமுகர்களின் கிளப் ஒன்று மலர் ஊர்வலம் தொடங்கியது. கூட்டத்தைப் பெருக்க 1902 ஜனவரி 1ந் தேதி கால்பந்தாட்டமும் வைத்தார்கள். மிஷிகன் 49, ஸ்டான்போர்டு பூஜ்யம். ஒருபக்கமாகப் போன அந்த ஆட்டம் முழு நேரமும் ஆடி முடிக்கப்படவே இல்லை. கால்பந்தை விட்டுவிட்டுப் பல ஆண்டுகள் குதிரை பூட்டிய ரதப் பந்தயம் நடத்தினார்கள். 1916ல்தான் கால்பந்து மீண்டும் வந்தது.

பிறகு 1930களின் பொருளாதார நெருக்கடி. ஓட்டல்கள் காலி, கடைகள் காலி. அந்தச் சமயத்தில்தான் மற்ற நகரங்களும் பாசடீனாவின் வழியைப் பிடித்தன. 1935 ஜனவரி முதல் தேதியன்று மயாமியில் ‘ஆரஞ்சு பவுல்’, நியூ ஆர்லியன்ஸில் ‘சுகர் பவுல்’ இரண்டும் ஆரம்பமாயின. 1937ல் டல்லாஸ் நகரில் ‘காட்டன் பவுல்’. ஆரஞ்சு, சர்க்கரை, பருத்தி என்று அந்தந்தப் பிரதேசத்தில் விளைவதன் பெயரையே வைத்தார்கள்.

ஆரம்பத்தில் இந்த ஏற்பாட்டுக்கு ஒரு அர்த்தம் இருந்தது. மோட்டார் ஆலைகளும் உருக்கு ஆலைகளும் நிறைந்த மிஷிகன், ஒஹாயோ ராஜ்யங்களின் சர்வகலாசாலைகள் ஒரு பக்கம், பசிபிக் கரைச் சர்வகலாசாலைகள் மறு பக்கம் என்று 1947 முதல் ரோஸ் பவுலில் மோதின. கல்லூரிக்கு அது ஆண்டுக்கொரு முறை கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காமலும் போகும். கிடைத்தால் பெருமை. ரசிகன் சேர்த்துவைத்த காசை எடுத்துக்கொண்டு நெடும்பிரயாணம் போனான்.

விழா பெருகியது, மதிப்பு குறைந்தது

1970களின் தொடக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பவுல் ஆட்டங்கள்தான் இருந்தன. இப்போது நாற்பதுக்கு மேல். முதல் வரிசையில் ஆடும் சர்வகலாசாலைகள் சுமார் 135. அவற்றில் பாதிக்கு மேல் எங்காவது ஒரு பவுலுக்குப் போய்விடுகின்றன. பன்னிரண்டு ஆட்டத்தில் ஆறு ஜெயித்தால் போதும் என்று விதி. 2015ல் அந்த ஆறு வெற்றி பெற்ற கல்லூரிகளும் போதவில்லை. ஐந்து ஜெயித்து ஏழு தோற்ற மூன்று கல்லூரிகளைக் கூப்பிட்டு இடத்தை நிரப்பினார்கள். தினந்தோறும் பொங்கல் வைத்தால் பொங்கலுக்கு என்ன விசேஷம், தோழர்களே?

ஏன் இத்தனை பெருகின? டெலிவிஷன் காரணம். விடுமுறை நாட்களில் வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்குக் காட்ட ஏதாவது வேண்டும். ஈஎஸ்பிஎன் என்ற டெலிவிஷன் கம்பெனி பத்துக்கு மேற்பட்ட பவுல்களைத் தானே சொந்தமாக வைத்து நடத்துகிறது. ஆட்டத்தைக் காட்டுகிறவனும் அவனே, ஆட்டத்துக்கு உடைமைக்காரனும் அவனே! சாதாரண பவுல் ஆட்டத்தைக்கூட டெலிவிஷனில் லட்சக்கணக்கான பேர் பார்க்கிறார்கள், விளம்பரம் விற்கிறது. மைதானத்தில் பாதி இடம் காலியாகக் கிடந்தாலும் கம்பெனிக்குக் கவலையில்லை.

பெயர்களைப் பாருங்கள். ஆரஞ்சும் ரோஜாவும் போய், உருளைக்கிழங்கின் பெயரில் ஒரு பவுல், டப்பாவில் அடைத்த பலகாரத்தின் பெயரில் ஒரு பவுல், பாட்டிலில் விற்கும் மயோனைஸ் குழம்பின் பெயரில் ஒரு பவுல். அந்தக் கடைசி ஆட்டத்தில் ஜெயித்த கல்லூரியின் பயிற்சியாளர் தலையில் வாளி நிறைய மயோனைஸைக் கொட்டுவது வழக்கம். டெலிவிஷனில் பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது. அது சரக்குக்கு விளம்பரம்.

நஷ்டம் யார் தலையில்?

காலி இடத்தின் நஷ்டத்தை யார் சுமக்கிறார்கள்? கல்லூரி இத்தனை டிக்கட்டை விற்றே தீர வேண்டும், விற்காவிட்டால் தானே பணம் கட்ட வேண்டும் என்று ஒப்பந்தம். 2011 ஜனவரி 1ந் தேதி, அரிசோனா பாலைவனத்தில் நடக்கும் ‘பியெஸ்டா பவுலு’க்கு வடகிழக்குக் கோடியிலிருந்து கனெக்டிகட் சர்வகலாசாலை போயிற்று. அதன் தலையில் கட்டப்பட்ட டிக்கட் 17,500. இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் எத்தனை பேர் போவார்கள்? பெரும்பகுதி விற்கவில்லை. ஆட்டத்திலும் தோல்வி, பயணத்தில் பதினைந்து லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். அது ராஜ்ய அரசாங்கத்தின் சர்வகலாசாலை என்பதை மறக்க வேண்டாம்.

அதே பியெஸ்டா பவுல் நிர்வாகத்தின் ஊழல் அந்த ஆண்டு மார்ச்சில் வெளிவந்தது. ஊழியர்களைக் கொண்டு அரசியல்வாதிகளுக்கு நன்கொடை கொடுக்கச் செய்து, அந்தப் பணத்தைப் பின்வழியாக அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்திருக்கிறார்கள். தலைமை நிர்வாகி வேலையிலிருந்து நீக்கப்பட்டார். 2014ல் எட்டு மாத சிறைத் தண்டனை பெற்றார். இந்த ஸ்தாபனம் லாப நோக்கமற்ற தர்ம ஸ்தாபனம் என்று பதிவு செய்யப்பட்டு வரிவிலக்கு அனுபவித்து வந்தது!

விழா நடத்தும் நகரங்களின் கதையும் இப்படித்தான். டல்லாஸ் நகரம் காட்டன் பவுல் மைதானத்தை விரிவுபடுத்தி, 2008ல் தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் உட்காரும்படி செய்தது. பக்கத்து நகரமான ஆர்லிங்டனில் 2009ல் கூரை போட்ட புது மைதானம் எழும்பியது. 2010 முதல் காட்டன் பவுல் ஆட்டம் அங்கே போய்விட்டது. மைதானம் டல்லாஸில், அதன் பெயர் கொண்ட ஆட்டம் ஆர்லிங்டனில்! அந்தப் புது மைதானத்தில் ஆர்லிங்டன் நகரத்தின் பங்கு 32 கோடியே 50 லட்சம் டாலர். அதற்காக விற்பனை வரியைக் கூட்டினார்கள். விற்பனை வரி என்றால் சாமான் வாங்கும் ஒவ்வொரு தொழிலாளியும் கொடுப்பது. மயாமியில் ஆரஞ்சு பவுல் நடந்த பழைய மைதானமோ 2008ல் இடித்துத் தள்ளப்பட்டது.

மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்

கூட்டம் குறைந்தது ஒரு பாதி. மறு பாதி, ஆட்டக்காரர்களே வர மறுப்பது.

2016 ஜனவரி 1ந் தேதி பியெஸ்டா பவுலில் நோட்டர் டேம் சர்வகலாசாலையின் ஜேலன் ஸ்மித் ஆடினார். தொழில்முறைக் கம்பெனிகள் ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது முதல் சில இடங்களுக்குள் வருவார் என்று எதிர்பார்க்கப்பட்டவர். அந்த ஆட்டத்தில் முழங்கால் சிதைந்தது. 34வது ஆளாகத்தான் எடுக்கப்பட்டார். முதல் ஆண்டு முழுவதும் ஆட முடியவில்லை. இழந்த பணம் லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில். அந்த ஆட்டத்துக்காக அவருக்குக் கிடைத்த கூலி? ஒன்றும் இல்லை.

மற்றவர்கள் பாடம் கற்றுக்கொண்டார்கள். 2016 டிசம்பரில் லியோனார்ட் பூர்னெட், கிறிஸ்டியன் மெக்காப்ரி என்ற இரண்டு பெரிய ஆட்டக்காரர்கள், “பவுலில் ஆடமாட்டோம்” என்று ஒதுங்கிக்கொண்டார்கள். கல்லூரிக்குத் துரோகம் செய்கிறார்கள் என்று பத்திரிகைகளில் கூக்குரல் எழுந்தது. துரோகமா? அதே கல்லூரிகளின் பயிற்சியாளர்களில் சிலர் ஆண்டுக்கு ஒரு கோடி டாலருக்கு மேல் வாங்குகிறார்கள். அதிகச் சம்பளம் கிடைத்தால் பவுல் ஆட்டத்துக்கு முன்பாகவே வேறு கல்லூரிக்குப் போய்விடுகிறார்கள். அதற்குப் பெயர் முன்னேற்றம். ஆட்டக்காரன் தன் முழங்காலைக் காப்பாற்றிக்கொண்டால் அதற்குப் பெயர் துரோகம்!

2023 டிசம்பர் 30ந் தேதி ஆரஞ்சு பவுலில் நடந்ததைக் கேளுங்கள். புளோரிடா ஸ்டேட் சர்வகலாசாலை அந்த ஆண்டு ஆடிய பதின்மூன்று ஆட்டங்களிலும் ஜெயித்தது. ஆனாலும் சாம்பியன் பட்டத்துக்கான நால்வரில் ஒருவராக அதைச் சேர்க்கவில்லை. ஆறுதலுக்கு ஆரஞ்சு பவுல் கொடுத்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட ஆட்டக்காரர்கள் இறங்கவில்லை. ஜார்ஜியா 63, புளோரிடா ஸ்டேட் 3. பந்தல், மேளம், விளக்கு எல்லாம் இருந்தது, மாப்பிள்ளைதான் இல்லை. 2024 டிசம்பரில் மார்ஷல் சர்வகலாசாலை, ஆட்டக்காரர்கள் வேறு கல்லூரிகளுக்குப் போய்விட்டதால், வரவே இயலாது என்று சொல்லிவிட்டது. 2025 டிசம்பரில் சாம்பியன் போட்டியில் இடம் கிடைக்காத நோட்டர் டேம், வேறு எந்தப் பவுலும் வேண்டாம் என்று மறுத்துவிட்டது.

விதவை கேட்ட நஷ்டஈடு

இந்த மறுப்புக்குப் பின்னால் நீண்ட சரித்திரம் உண்டு. 1955ல் கொலராடோ ராஜ்யத்தில் ரே டெனிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர் ஆட்டத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய விதவை, வேலை செய்யும்போது இறந்த தொழிலாளியின் குடும்பத்துக்குக் கிடைக்கும் நஷ்டஈட்டைக் கேட்டார். வழக்கு மேலே மேலே போயிற்று. கல்லூரி கால்பந்து வியாபாரம் நடத்தவில்லை, ஆகவே அவர் தொழிலாளி அல்ல என்று 1957ல் ராஜ்யத்தின் சுப்ரீம் கோர்ட் தீர்ப்புச் சொன்னது. பணம் கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில்தான் கல்லூரி விளையாட்டுச் சங்கம் ‘மாணவ விளையாட்டு வீரர்’ என்ற சொல்லை உண்டாக்கிப் பரப்பியது. ஆட்டக்காரர்களைத் தொழிலாளிகள் என்று கோர்ட்டுகள் சொல்லிவிடுமோ என்ற பயத்தில் உண்டான சொல் இது என்று, அந்தச் சங்கத்தை 1987 வரை நடத்திய வால்ட்டர் பையர்ஸ் பிற்காலத்தில் தம் புத்தகத்திலேயே எழுதினார். கூலி கொடுக்காமலிருக்க ஒரு நல்ல பெயர் சூட்டுவது முதலாளிகளுக்குப் புதிதல்லவே!

2014ல் நார்த்வெஸ்டர்ன் சர்வகலாசாலை ஆட்டக்காரர்கள் சங்கம் அமைக்க முன்வந்தார்கள். உருக்குத் தொழிலாளர் சங்கம் அவர்களுக்குத் துணை நின்றது. இவர்கள் தொழிலாளிகளே என்று தொழிலாளர் போர்டின் சிகாகோ அதிகாரி சொன்னார், வாக்கெடுப்பும் நடந்தது. ஆனால் மேல் போர்டு 2015ல் இதில் தலையிடமாட்டோம் என்று கைவிரித்தது. போட்ட வாக்குச் சீட்டுகள் எண்ணப்படவே இல்லை.

எண்ணாவிட்டால் என்ன, விஷயம் அடங்கவில்லை. 2021 ஜூனில் கல்லூரிச் சங்கத்தின் கட்டுப்பாடுகளுக்கு எதிராக அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அடுத்த மாதமே ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துப் பணம் பெற வழி திறந்தது. 2025 ஜூனில் கோர்ட் ஏற்றுக்கொண்ட சமரசத்தின்படி, சர்வகலாசாலைகள் நேரடியாகவே ஆட்டக்காரர்களுக்குப் பணம் கொடுக்கின்றன. ஒரு சர்வகலாசாலை ஆண்டுக்குச் சுமார் இரண்டு கோடி டாலர் வரை கொடுக்கலாம். ஆனால் தொழிலாளி என்ற அந்தஸ்தும், கூட்டாகப் பேரம் பேசும் உரிமையும் இன்னும் அவர்களுக்கு வரவில்லை.

ஜனங்கள் ஆட்டத்தைக் கைவிட்டார்களா?

இல்லை, தோழர்களே. 2024 டிசம்பரில் சாம்பியன் போட்டியை நான்கு கல்லூரிகளிலிருந்து பன்னிரண்டாக விரிவாக்கினார்கள். முதல் சுற்றை விருந்தாளி நகரங்களில் வைக்காமல் கல்லூரிகளின் சொந்த மைதானங்களிலேயே நடத்தினார்கள். குளிர் வாட்டிய ஒஹாயோவிலும் பென்சில்வேனியாவிலும் லட்சம் பேர் திரண்டு நின்றார்கள். ஆட்டத்தில் ஏதோ ஒன்று நிர்ணயமாகிறது, தன் ஊரில் நடக்கிறது என்றால் ஜனங்கள் வருகிறார்கள்.

ஆனால் பெருகுகிற பணம் எங்கே போகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 2026 பருவம் முதல் இந்தச் சாம்பியன் போட்டிக்கு டெலிவிஷன் கம்பெனி ஆண்டுக்குச் சுமார் 130 கோடி டாலர் கொடுக்கிறது. டெலிவிஷன் பணத்துக்காகவே 2024ல் பசிபிக் கரைச் சர்வகலாசாலைகளின் பழைய கூட்டமைப்பு உடைந்தது. பன்னிரண்டில் பத்து வெளியேறின. ரோஸ் பவுலின் பழைய கிழக்கு மேற்குப் போட்டியும் அதோடு அர்த்தமிழந்தது. ரோஸ், சுகர், ஆரஞ்சு, காட்டன் முதலிய ஆறு பவுல்கள் சாம்பியன் போட்டியின் பிந்திய சுற்றுகளாகப் பிழைத்துக்கொண்டன. மற்றச் சிறு நகரங்களின் பவுல்கள் டெலிவிஷன் கம்பெனியின் தயவில் நிற்கின்றன. கம்பெனி கையை எடுத்தால், அந்த வாரத்தை நம்பியிருக்கும் ஓட்டல் தொழிலாளியும் மைதானத்தில் தின்பண்டம் விற்கும் தொழிலாளியும் முதலில் அடிபடுவார்கள்.

பழைய விழா மறைகிறதே என்று அமெரிக்காவில் பலர் வருந்துகிறார்கள். அந்த வருத்தத்தை நாம் ஏளனம் செய்ய மாட்டோம். உழைக்கிற மனிதனுக்கு ஆண்டுக்கொரு சந்தோஷம் வேண்டும். ஆனால் விழாவைக் கெடுத்தது ஆட ஒதுங்கிய இளைஞன் அல்ல. பார்க்க வந்த ரசிகனைத் தேவையற்றவனாக்கி, ஆடியவனுக்குக் கூலி மறுத்து, ஊராரின் வரிப்பணத்தில் மைதானம் எழுப்பிய வியாபாரமே அதைக் கெடுத்தது. ஆட்டக்காரன் தன் உடம்பின் விலையைத் தெரிந்துகொண்டுவிட்டான். தனித்தனியாக ஒதுங்குவதோடு நில்லாமல், நார்த்வெஸ்டர்ன் வாலிபர்கள் தொடங்கியதுபோல் சங்கமாகச் சேர்ந்து பேரம் பேசும் நாளில்தான் ஆட்டத்தின் கணக்கு நேராகும்.