479-ஆம் நாள்

துணைவேந்தருக்கு வணக்கம், பெற்றோருக்கு வாழ்த்து, பதக்கம் வாங்கியவர்களுக்கு ஒரு கைதட்டல். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் முடித்துக்கொண்டார் சிறப்பு விருந்தினர். பொதுத்துறை நிறுவனத்தில் பணியாளர் பிரிவின் தலைமைவரை உயர்ந்து ஓய்வுபெற்றவர். மனிதவள மேலாண்மையில் பட்டம் பெறுபவர்களிடம் தலைமைப் பண்பு பற்றிப் பேசுவார் என்று அரங்கம் காத்திருந்தது. அவர் ஒரு சிவப்புப் பென்சிலைப் பற்றிப் பேசினார்.

24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்கிறது தமிழ்நாட்டின் 1981-ஆம் ஆண்டுச் சட்டம். அவர் இளம் அதிகாரியாகச் சேர்ந்த இடத்தில் மூத்த எழுத்தர் ஒருவர் மாதக் கடைசியில் மஸ்டர் ரோலை, அதாவது தினக்கூலிக்காரர்களின் வருகைப் பதிவேட்டை, புரட்டுவாராம். 480-ஐ நெருங்கும் பெயர்களின் கீழே சிவப்புக் கோடு விழும். கோடு விழுந்தவர் மறுநாள் வீட்டில் இருப்பார். சில மாதம் கழித்து வேறொரு ஒப்பந்ததாரரின் ஆளாக அதே வாசலில் நுழைவார்.

அப்படி நிறுத்தப்பட்டவர்களில் ஒருவர் பம்ப் ஹவுஸ்காரர். அவர் போன பிறகு குடியிருப்பில் பாதித் தெருக்களுக்குத் தண்ணீர் வரவில்லை. எந்த வால்வு எந்தத் தெருவுக்கு என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், வரைபடமும் கிடையாது. பொறியாளர்கள் காலையிலிருந்து திருகிப் பார்த்துவிட்டு, கடைசியில் அவருடைய ஊருக்கு ஜீப் அனுப்பினார்கள். வந்தார், திறந்தார், டீ குடித்தார், போனார். அன்றைய கூலியை மஸ்டர் ரோலில் ஏற்றினால் ஒரு நாள் கூடிவிடுமே! சில்லறைச் செலவு வவுச்சரில் எழுதினார்கள். “தண்ணீர் வந்தது, ஆள் வரவில்லை. கணக்கு அப்படித்தான் சொல்கிறது” என்று விருந்தினர் சொன்னபோது பின்வரிசைப் பெற்றோர்தான் முதலில் சிரித்தார்கள்.

அது பழைய கதை என்று யாரும் நினைத்துவிடக் கூடாதென்று புள்ளிவிவரத்துக்கு வந்தார். மத்தியப் பொதுத்துறை நிறுவனங்களில் 2013 மார்ச்சில் சுமார் 17.3 லட்சம் பேர் வேலை பார்த்தார்கள். 2022 மார்ச்சில் 14.6 லட்சம். இதற்குள் ஒப்பந்த, தினக்கூலிப் பணியாளர்களின் பங்கு ஐந்தில் ஒன்றிலிருந்து ஐந்தில் இரண்டுக்கு மேல் ஏறிவிட்டது.

  

இப்படிப்பட்டவர்கள் நிரந்தரம் கேட்டுப் போன நீதிமன்றங்களின் கதையை அவர் சொன்ன விதத்தில் ஒரு சாய்வு இருந்தது. 2006 உமாதேவி வழக்கில், முறையான தேர்வின்றி நுழைந்தவர்கள் நிரந்தரத்தை உரிமையாகக் கோர முடியாது என்றது உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு. வெளியே வேலைக்காகக் காத்திருக்கும் பல்லாயிரம் பேரின் சம வாய்ப்பும் அந்தத் தீர்ப்பின் கவலை. அதை அவர் ஒரே வாக்கியத்தில் தாண்டிப்போனது நியாயமில்லை. போட்டித் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். ஆனால் அடுத்து அவர் சொன்னதை மறுக்க முடியாது. அனுமதிக்கப்பட்ட பணியிடங்களில் பத்தாண்டுக்கு மேல் இருந்தவர்களை ஒரு முறை ஒழுங்குபடுத்தலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்லியிருந்தது. அந்தப் பக்கத்தைப் பல அலுவலகங்கள் புரட்டவே இல்லை. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில், மத்திய நீர் ஆணையத்தில் பல்லாண்டு துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்து நீக்கப்பட்டவர்களை நிரந்தரமாக்கச் சொன்ன உச்ச நீதிமன்றம், நீண்ட காலம் உழைத்தவர்களின் கோரிக்கையை மறுக்க உமாதேவி தீர்ப்பைக் கேடயமாக்குவதைக் கண்டித்தது.

முடிவில் மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தார். சேர்ந்த முதல் வாரமே பழைய ஒப்பந்தங்களை வரிசையாக எடுத்து வைக்க வேண்டும். ஒப்பந்ததாரர் மாறியிருப்பார், ஆட்கள் மாறியிருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட வேலைகளுக்குப் பணியிடம் கேட்டுக் கோப்பு போட வேண்டும். விளம்பரம் செய்யும்போது பழைய ஆட்களுக்கு வயது வரம்பில் தளர்வும் அனுபவத்துக்கு மதிப்பெண்ணும் கேட்க வேண்டும். நிதிப் பிரிவு கோப்பைத் திருப்பி அனுப்பும். அப்போது ஒப்பந்ததாரருக்குக் கொடுத்த சேவைக் கட்டணத்தையும் வழக்குச் செலவையும் கூட்டி, அதே கோப்பில் இணைத்து மறுபடி அனுப்பச் சொன்னார்.